வெளிச்சத்தில் இறுகும் ஜெல்: யாழ்ப்பாணத்தில் முதன்முதலாகச் செய்யப்போகிறவருக்கு

முதல் பதினொரு மாதத்தில் என் கையில் உருப்படியாக இறுகிய ஜெல்லை ஒன்றுசேர்த்தால் ஒரு தேக்கரண்டிக்கு மேல் தேறாது. மேற்பார்வையாளர் பொறுமைசாலியாக இருந்ததால் தப்பினேன். எங்கே பிழைத்தது என்று பிறகு ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்த்தபோது, இரசாயனவியலில் நான் விட்ட பிழை இரண்டோ மூன்றோதான். மிச்சமெல்லாம் விளக்கிலும் தண்ணீரிலும் வெக்கையிலும் கடிதத்திலும் நடந்தவை. ஆய்வுக் கட்டுரைகளின் செய்முறைப் பகுதியில் இவற்றைத் தேடிப் பயனில்லை. அவற்றை எழுதியவர்கள் சுண்ணக்கல் கிணற்றுத் தண்ணீரில் வடிகருவி ஓட்டியவர்கள் அல்லர்.

ஒளிக்கு வினைபுரியும் பல்பகுதியங்களை மருத்துவத் தேவைக்காகக் கையில் எடுக்க நினைக்கும் இறுதியாண்டு மாணவருக்கும், முதுதத்துவமாணிக்குப் புதிதாகப் பதிந்தவருக்கும் இதை எழுதுகிறேன். உயர்தரத்தில் படித்த இரசாயனவியல் நினைவிருந்தால் போதும்.

1. ஒளி என்ன வேலை செய்ய வேண்டும் என்று ஒரே வரியில் எழுதுங்கள்

ஒளிக்கு வினைபுரியும் பல்பகுதியம் என்ற ஒரே பெயருக்குள் மூன்று குடும்பங்கள் இருக்கின்றன. முதலாவது குடும்பம், ஒளி பட்டதும் சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பிணைப்பு உண்டாகி இறுகுவது. பல் வைத்தியர் சூத்தைப் பல்லை அடைத்துவிட்டு நீல விளக்குப் பிடிக்கிறாரே, அது இதுதான். அந்தப் பசையில் இருக்கும் கம்போர்குவினோன் 470 நனோமீற்றரை அண்டிய நீல ஒளியை உறிஞ்சி வினையைத் தொடக்குகிறது. இரண்டாவது குடும்பம் ஒளி பட்டால் அறுந்து கரைவது, உள்ளே பூட்டிய மருந்தை விடுவிப்பது. ஓர்தோ-நைத்திரோபென்சைல் இணைப்புகள் இதற்குப் பெயர்போனவை. மூன்றாவது குடும்பம் வடிவம் மாறித் திரும்புவது. அசோபென்சீன் புற ஊதா ஒளியில் மடங்கும், நீல ஒளியிலோ வெப்பத்திலோ மறுபடி நிமிரும்.

முதன்முதலாகச் செய்கிறவர் முதல் குடும்பத்தை விட்டு வெளியே போகவேண்டாம். மற்ற இரண்டிலும் மூலக்கூறை நீங்களே பல படிகளில் தொகுத்துத் தூய்மையாக்க வேண்டும். ஒரு வருடம் அதிலேயே போய்விடும்.

வரியை இப்படி எழுதலாம்: "தோலின் மேல் உள்ள காயத்தில் ஊற்றியதும் 405 நனோமீற்றர் ஒளியில் ஒரு நிமிடத்துக்குள், 2 மில்லிமீற்றர் தடிப்பில் இறுக வேண்டும்." அலைநீளம், நேரம், தடிப்பு, இடம் நான்கும் அதில் இருக்க வேண்டும். நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் நீங்கள் வாங்கும் பொருள் பிழைக்கும். "உடலுக்குள் வைத்துவிட்டு வெளியிலிருந்து ஒளி பாய்ச்சுவோம்" என்று எழுதும் ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது. புற ஊதாவும் ஊதாவும் தோலில் ஒரு மில்லிமீற்றரைத் தாண்டுவதே பெரும்பாடு. ஓரளவு ஆழம் போவது 650 முதல் 900 நனோமீற்றர் வரையான சிவப்பும் அகச்சிவப்பும்தான். ஆய்வு முன்மொழிவைப் படிப்பவர் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

2. விளக்கை முதலில் வாங்குங்கள்

எல்லோரும் பல்பகுதியத்தில் தொடங்கி, ஒளியை உறிஞ்சி வினையைத் தொடக்கும் பொருளான ஒளித்தொடக்கியை அடுத்ததாக வாங்கி, விளக்கைக் கடைசிக்கு விடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். கட்டுரைகளில் அதிகம் அடிபட்ட பெயர் என்பதற்காக இர்காக்கியூர் 2959 என்ற ஒளித்தொடக்கியைத் தருவித்தேன். விளக்கு 405 நனோமீற்றர், ஏனென்றால் அதுதான் மலிவாகக் கிடைத்தது. மூன்று மாதம் எதுவும் இறுகவில்லை. அந்தத் தொடக்கி 365 நனோமீற்றரிலேயே ஒளியைக் கஞ்சத்தனமாகத்தான் உறிஞ்சும். 405 இல் அதற்குக் கண்ணே தெரியாது.

ஆகவே வரிசையைத் தலைகீழாக்குங்கள். எந்த அலைநீள விளக்கு உங்கள் கைக்கு வரும், பழுதானால் எங்கே மாற்றலாம் என்று முதலில் பாருங்கள். அந்த விளக்குக்கேற்ற தொடக்கியைத் தேடுங்கள். பல்பகுதியம் கடைசி.

முதல் சோதனைகளுக்கு அழகு நிலையங்களில் நகப்பூச்சை உலர்த்தும் விளக்கே போதும். யாழ் நகரத்து அழகுசாதனக் கடைகளில் விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலானவை 365, 405 இரண்டையும் கலந்து தருகின்றன, நேரமானியும் உள்ளேயே இருக்கும். ஆனால் உள்ளே ஒளி எல்லா இடத்திலும் ஒரே அளவில் விழாது. நடுவில் வைத்த ஜெல் வட்டு இறுகும், ஓரத்தில் வைத்தது கூழாக நிற்கும். ஆய்வேட்டில் எழுதக்கூடிய தரவு வேண்டுமானால் ஒற்றை அலைநீள எல்ஈடி ஒன்றையும், மின்னோட்டத்தை மாறாமல் வைத்திருக்கும் இயக்கி ஒன்றையும் வாங்கித் தாங்கியில் பொருத்துங்கள். தாங்கியின் உயரத்தைக் கீறல் போட்டுக் குறித்துவிட வேண்டும். இரண்டு சென்ரிமீற்றர் தாழ்ந்தால் அது வேறு பரிசோதனை. எல்ஈடியின் பின்னால் வெப்பம் அகற்றும் தகடும் விசிறியும் இல்லாவிட்டால், நம் ஊர் மதிய வெக்கையில் ஒளி மெல்ல மெல்ல மங்குவதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

கண்ணைப் பற்றி ஒன்று. 405 பார்வைக்கு மங்கலான ஊதாவாகத் தெரிவதால் பலர் உற்றுப் பார்க்கிறார்கள். கண் அதை மங்கலாக உணர்கிறதே தவிர, விழித்திரைக்குப் போகும் சக்தி குறைவதில்லை. அந்த அலைநீளத்தைத் தடுக்கும் கண்ணாடியை விளக்கோடு ஒரே கட்டளையில் வாங்குங்கள்.

3. ஒளியை இரசாயனம் போல அளவிடுங்கள்

"60 செக்கன் விளக்குப் பிடித்தேன்" என்பது அளவே அல்ல. ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு எத்தனை மில்லிவாற்று விழுகிறது என்பதை நேரத்தால் பெருக்கினால்தான் ஒளியின் அளவு கிடைக்கும். கூம்பாகிப்போன விழிவெண்படலத்தை இறுக்கக் கண் வைத்தியர்கள் கையாளும் வழமையான முறையைப் பாருங்கள். ரைபோபிளேவின் சொட்டு விட்டு, சதுர சென்ரிமீற்றருக்கு 3 மில்லிவாற்று வீதம் 30 நிமிடம் புற ஊதா ஒளி பாய்ச்சுகிறார்கள். 3 ஐ 1800 செக்கனால் பெருக்கினால் 5400 மில்லியூல், அதாவது 5.4 யூல். உங்கள் குறிப்பேட்டிலும் ஒவ்வொரு வட்டுக்கும் இப்படி ஒரு எண் இருக்க வேண்டும்.

ஒளிச்செறிவுமானி விலை கூடியது, இரவல் கிடைப்பதும் அரிது. இல்லாதவர் பெரிக்ஒட்சலேற்று முறையைக் கையாளலாம். பொற்றாசியம் பெரிக்ஒட்சலேற்றின் பச்சைப் பளிங்குகளைப் பெரிக்குளோரைட்டிலிருந்தும் பொற்றாசியம் ஒட்சலேற்றிலிருந்தும் நீங்களே இருட்டறையில் தயாரிக்கலாம். அதன் கரைசலில் ஒளி பட்டால் இரும்பு(III) இரும்பு(II) ஆகிறது. பினாந்திரோலின் சேர்த்து, வரும் செம்மஞ்சள் நிறத்தை 510 நனோமீற்றரில் நிறமாலைமானியில் அளந்தால் எத்தனை மூல் இரும்பு(II) உண்டானது என்று தெரியும். 365 இல் அதன் குவாண்டம் விளைவு ஏறத்தாழ 1.2. அதால் வகுத்தால் உறிஞ்சப்பட்ட ஒளித்துகள்களின் மூல் எண்ணிக்கை வந்துவிடும். ஒரு மூல் ஒளித்துகளின் சக்தி 365 இல் ஏறத்தாழ 328 கிலோயூல், 405 இல் 295 கிலோயூல். அரை நாள் வேலை. தேவையான இரசாயனங்கள் பொதுவாக இளமாணி ஆய்வுகூடத்திலேயே கிடைக்கும், நிறமாலைமானி இல்லாத இரசாயனவியல் துறையும் இல்லை.

4. ஒளித்தொடக்கி: கிராமுக்கு மேல் வாங்காதீர்கள்

தண்ணீரில் செய்யும் ஜெல்லுக்கு இன்று பெரும்பாலோர் தெரிவது எல்ஏபி எனப்படும் இலித்தியம் உப்பு. 365 இல் அதன் மூலர் உறிஞ்சுதிறன் 218, இர்காக்கியூர் 2959 இனது வெறும் 4. எல்ஏபி 405 இலும் போதிய அளவு உறிஞ்சும், தண்ணீரில் சிரமமில்லாமல் கரையும். மற்றது கரைவதற்குச் சூடாக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். கையில் நீலமோ பச்சையோதான் இருக்கிறது என்றால் வேறு தொடக்கிகள் உண்டு. இயோசின் வை பச்சை ஒளியில் வேலை செய்யும், ஆனால் அதற்குத் துணையாக ஓர் அமைன் வேண்டும்.

கணக்கு எளிது. 0.25 சதவீதச் செறிவில் 1 கிராம் எல்ஏபி 400 மில்லிலீற்றர் கரைசலுக்குப் போதும். 8 மில்லிமீற்றர் விட்டமும் 1 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள ஒரு வட்டுக்கு 50 மைக்ரோலீற்றர் போகும். ஆக 1 கிராமில் எண்ணாயிரம் வட்டு. 5 கிராம் போத்தல் கிராமுக்கு மலிவு என்று விற்பவர் சொல்வார். ஆய்வு முடியும்போது 4 கிராம் மிஞ்சி மஞ்சளாகிக் கிடக்கும்.

"இறுகவில்லையா, தொடக்கியைக் கூட்டு" என்று மூத்தவர்கள் ஆலோசனை சொல்வார்கள். மெல்லிய படலத்துக்கு அது சரி வரலாம். தடித்த ஜெல்லுக்கு எதிர்மாறாகவே வேலை செய்யும். 0.25 சதவீத எல்ஏபிக் கரைசலில் 365 ஒளி ஒரு சென்ரிமீற்றர் கடந்தால் நூற்றில் 1.4 பங்குதான் மிஞ்சும். 2 மில்லிமீற்றரில் 43 பங்கு மிஞ்சும். இன்னும் கூட்டினால் மேற்பரப்பு ஓடாகும், அடி கஞ்சியாகவே இருக்கும். அதோடு மிஞ்சும் தொடக்கி கலங்களுக்கு நஞ்சு.

5. கடிதங்கள், வரி, காத்திருப்பு

ஆய்வின் உண்மையான முதல் அரையாண்டு இதுதான். சிரித்துக்கொண்டு தொடங்குங்கள்.

கட்டளைக்கு முன்பே ஒரு கோப்பில் இவை இருக்கட்டும்: துறைத் தலைவர் ஒப்பமிட்ட ஆய்வு அங்கீகாரக் கடிதம், பொருள் எதற்கு, எந்த ஆய்வுகூடத்தில், எவ்வளவு பயன்படும் என்று சொல்லும் இறுதிப் பயன்பாட்டுக் கடிதம், விற்பவரின் முன்விலைப் பட்டியல், ஒவ்வொரு பொருளுக்கும் பாதுகாப்புத் தரவுத் தாளும் பகுப்பாய்வுச் சான்றிதழும். பல்கலைக்கழகப் பணத்தில் வாங்குவதென்றால் பொதுவாக மூன்று விலைமனு கேட்பார்கள். எல்ஏபி போன்ற பொருளுக்கு இலங்கையில் மூன்று பேர் விலை தருவதே அபூர்வம். ஒருவர் மட்டும்தான் தருகிறார் என்றால், மற்ற இருவரும் மறுத்து எழுதிய மின்னஞ்சலை அச்சிட்டுக் கோப்பில் வையுங்கள். அது இல்லாமல் என் கோப்பு ஒரு மேசையில் மூன்று வாரம் படுத்திருந்தது.

இனிப் பெரிய பொறி. நம் பல்பகுதியம் ஜெலற்றின். அதை ஒளியில் இறுகும்படி மாற்றியமைக்க மெதக்ரிலிக் அன்ஹைட்ரைட் வேண்டும். ஹெரோயின் தயாரிப்பில் பயன்படுவதால் உலகெங்கும் கட்டுப்பாட்டில் இருப்பது அசற்றிக் அன்ஹைட்ரைட். இலங்கையில் இத்தகைய முன்னோடி இரசாயனங்களைத் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை கண்காணிக்கிறது. இரண்டும் வேறு வேறு பொருள்கள், ஆனால் பெயரின் வால் ஒன்று. என் பொதி அந்த வாலில் சிக்கி ஐந்து வாரம் நின்றது. இறுதியில் அதை விடுவித்தது ஒரே ஒரு எண், ஒவ்வொரு இரசாயனத்துக்கும் தனித்தனியாக உள்ள சிஏஎஸ் அடையாள எண். மெதக்ரிலிக் அன்ஹைட்ரைட்டின் சிஏஎஸ் எண் 760-93-0, அசற்றிக் அன்ஹைட்ரைட்டினது 108-24-7. எல்ஏபிக்கு 85073-19-4. இந்த எண்களைக் கடிதத்தில், விலைப் பட்டியலில், பொதியின் மேல் என்று எல்லா இடத்திலும் எழுதச் சொல்லுங்கள். "இது கட்டுப்பாட்டிலுள்ள அசற்றிக் அன்ஹைட்ரைட் அல்ல" என்று ஒரு வாக்கியத்தையும் இறுதிப் பயன்பாட்டுக் கடிதத்தில் சேர்த்துவிடுங்கள். இறக்குமதி உரிமம் தேவையா இல்லையா என்பதை அந்தந்தப் பொருளின் சுங்கக் குறியீட்டு எண்ணை வைத்து இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்தில் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் வந்த பதிலைக் கோப்பில் வைக்க முடியாது.

பணம். இரசாயனத்தின் விலையைப் பார்த்து வரவு செலவு போடாதீர்கள். என் முதல் கட்டளையில் பொருளைவிட அதைக் கொண்டுவந்த செலவே கூட. அன்ஹைட்ரைட் ஆபத்தான சரக்கு என்பதால் விமானக் கட்டணம் தனி, அது போத்தலுக்கல்ல, பொதிக்கு. அதனால் பக்கத்து ஆய்வுகூடம் என்ன தருவிக்கிறது என்று விசாரித்து ஒரே பொதியில் சேருங்கள். மேலே 18 சதவீத வற் வரி, 2.5 சதவீதச் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி, சுங்க முகவர் கூலி, கட்டுநாயக்காவில் பொதி கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் களஞ்சியக் கட்டணம் எல்லாம் வரும். வரிவிலக்கு கிடைக்குமா என்று நிதிப் பிரிவில் பொதி வருமுன் கேட்க வேண்டும், வந்தபின் கேட்டுப் பயனில்லை. விலைமனு டொலரில் இருந்தால் ரூபா இறங்கும் சாத்தியத்துக்கும் சேர்த்து நூற்றுக்குப் பத்தாவது கூடுதலாக ஒதுக்குங்கள்.

பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் பறக்கத் தொடங்கியதிலிருந்து, "மச்சான் வருகிறான், பைக்குள் வைத்துக் கொண்டுவரட்டுமே" என்று ஒருவர் தப்பாமல் சொல்வார். பயணியின் பையில் அரிக்கும் திரவம் போவது குற்றம். பிடிபட்டால் மச்சானோடு உங்கள் துறையின் பெயரும் போகும்.

காலம். மார்கழி விடுமுறை, சித்திரைப் புத்தாண்டு, மாதம் ஒரு போயா, நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாள் என்று நாட்காட்டியில் கோடு போட்டுவிட்டு மிச்சத்தை எண்ணுங்கள். கட்டளைக் கடிதம் எழுதியதிலிருந்து போத்தல் கைக்கு வர எனக்கு ஏழு மாதம் ஆனது. நான்கு மாதத்தில் வந்தால் கொண்டாடலாம்.

6. ஜெலற்றினை மாற்றியமைக்கும் இரண்டு வாரம்

முதலில் ஒரு பரிந்துரை. இப்படி மாற்றியமைத்த ஜெலற்றினுக்கு ஜெல்மா என்று பெயர். தயாராக விற்கப்படும் ஜெல்மாவில் 1 கிராம் வாங்கிவிடுங்கள். விலை உறைக்கும். ஆனால் 10 சதவீதக் கரைசலாக்கினால் அதிலேயே 200 வட்டு வரும், உங்கள் விளக்கும் தொடக்கியும் சரியா என்று ஒரே கிழமையில் தெரிந்துவிடும். நீங்கள் தயாரித்தது பிறகு இறுகாவிட்டால், பிழை எங்கே என்று தேட வேண்டியதில்லை.

ஜெலற்றின் எந்த விலங்கிலிருந்து என்பதையும் இப்போதே முடிவுசெய்யுங்கள். பன்றித் தோல், மாட்டு எலும்பு, மீன் தோல் மூன்றும் விற்பனைக்கு உண்டு. நாளை ஒரு நோயாளியின் காயத்தில் வைக்கப்போவதாகச் சொல்கிறீர்கள். மாடு என்றால் இங்கே பல வீடுகளில் முகம் சுளிப்பார்கள், பன்றி என்றால் முஸ்லிம் நோயாளி மறுப்பார். மீன் ஜெலற்றின் நம் வெக்கையில் திரவமாகவே நிற்கும், வேலைக்குச் சௌகரியம். குருநகரில் தோலை அள்ளி நானே எடுக்கிறேன் என்று மட்டும் முதல் வருடத்தில் இறங்காதீர்கள். ஒவ்வொரு தொகுதியும் ஒவ்வொரு குணம் காட்டும்.

செய்முறை இது. 0.25 மூலர் காபனேற்று-இருகாபனேற்றுத் தாங்கற் கரைசல், பீஎச் 9, 50 பாகை. அதில் ஜெலற்றினை 10 சதவீதமாகக் கரைத்து, கிராமுக்கு 0.1 மில்லிலீற்றர் அன்ஹைட்ரைட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு மூன்று மணி நேரம் கலக்குங்கள். பொஸ்பேற்றுத் தாங்கற் கரைசலில் செய்யும் பழைய முறை இதைவிடப் பல மடங்கு அன்ஹைட்ரைட் கேட்கும், பின்னால் கழுவவேண்டிய அமிலமும் கூடும். பீஎச் இறங்கிக்கொண்டே போகும். விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதீர்கள். புகையகற்றும் கூண்டுக்கு வெளியே போத்தலைத் திறக்காதீர்கள். மெதக்ரிலேற்றுகள் கையுறையை ஊடுருவித் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுதும் நிற்கும் ஒவ்வாமை அது. துளி பட்ட கையுறையை அந்த நிமிடமே கழற்றி எறியுங்கள்.

பிறகு டயலிசிஸ், அதாவது நுண்துளைக் குழாயின் வழியே சிறு மூலக்கூறுகளை நீரில் கழுவி வெளியேற்றுதல். 12 முதல் 14 கிலோடால்டன் குழாயில் கட்டி, 40 பாகைத் தண்ணீரில் ஒரு கிழமை. யாழ்ப்பாணத்தில் நாம் விழுவது இங்கேதான். 5 லீற்றர் வாளி, நாளுக்கு இரண்டு முறை மாற்றம், ஏழு நாள். மொத்தம் 70 லீற்றர் காய்ச்சி வடித்த நீர். மணிக்கு 4 லீற்றர் வடிக்கும் கருவியென்றால் பதினேழரை மணி நேர ஓட்டம். நம் தண்ணீரோ சுண்ணக்கல்லுக்குள் இருந்து வருவது. வீட்டுக் கேத்தலின் அடியில் படிகிறதே, அதே வெள்ளைப் படலம் வடிகருவியின் சூடாக்கியிலும் படிந்து வேகத்தைக் குறைக்கும். தொடங்க ஒரு கிழமைக்கு முன் சித்திரிக் அமிலக் கரைசலால் கருவியைக் கழுவி, நீரைச் சேமிக்கத் தொடங்குங்கள். ஆய்வுகூட உதவியாளரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வடித்த நீர் உங்களுக்கு மட்டும் ஓடவில்லை. நான் ஐந்தாம் நாளோடு போதும் என்று நிறுத்தினேன். உலர்ந்த பஞ்சில் மெல்லிய காரமான வாடை இருந்தது. அந்த வாடைக்குக் காரணமான மெதக்ரிலிக் அமிலம் பின்னர் கலச் சோதனையில் எல்லாவற்றையும் கொன்றது.

கடைசியாக உறைநிலை உலர்த்தல், மூன்று முதல் ஐந்து நாள். நடுவில் மின்சாரம் போனால் உறைந்தது உருகி, வெள்ளைப் பஞ்சு வரவேண்டிய இடத்தில் கண்ணாடித் தகடு போன்ற ஒன்று வரும். பிறப்பாக்கியோடு இணைந்த மின் செருகி எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரண யூபிஎஸ் பம்பியின் சுமையைத் தாங்காது. 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் மின்சாரம் நின்றதற்குப் பாணந்துறை உபமின்நிலையத்தில் புகுந்த குரங்குதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார். ஐந்து நாள் ஓட்டம் தொடங்கும்போதெல்லாம் அந்தக் குரங்கு என் நினைவுக்கு வருகிறது. ஐப்பசி முதல் மார்கழி வரையான மழைக்காலத்தில் உலர்ந்த பஞ்சு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். சிறு சிறு போத்தல்களில் பிரித்து, சிலிக்கா ஜெல்லோடு மூடி, அலுமினியத் தாளில் சுற்றிக் குளிரில் வையுங்கள்.

7. இறுக்கும் நாள்

செய்முறையில் "அறை வெப்பநிலை" என்று இருந்தால் அது 20, 22 பாகை. நம் அறை 30. இந்த ஒரு சொல் என்னை இரண்டு விதமாக ஏமாற்றியது. வெளியே வைத்தால் கரைசல் நீராக ஓடி அச்சின் அடியால் கசிந்தது. குளிரூட்டிய அறைக்குக் கொண்டுபோனால் ஒளி படாமலே கெட்டியானது. ஜெலற்றின் குளிர்ந்தால் தானே உறையும் அல்லவா? நான் விளக்கைப் பிடித்துவிட்டு, இறுகிவிட்டது என்று படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். மறுநாள் 37 பாகை நீரில் போட்டேன், பத்து நிமிடத்தில் காணாமல் போனது. அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தொகுதியிலும் ஒளி படாத வட்டு ஒன்று. எல்லா வட்டும் 37 பாகை நீரில் ஒரு மணி நேரம். ஒளி பட்டது நிற்க வேண்டும், படாதது கரைய வேண்டும். இரண்டும் நடந்தால்தான் கைபேசியை எடுக்கலாம்.

ஜன்னல் வெயிலே போத்தலில் உள்ளதை இறுக்கிவிடும். ஜன்னலையும் குழாய் விளக்கையும் செம்மஞ்சள் செலோபேன் தாளால் மறையுங்கள். மேற்பரப்பு மட்டும் வழுவழுப்பாக நின்றால் ஒட்சிசன் சுயாதீன மூலிகங்களைத் தின்கிறது என்று பொருள். மேலே மெல்லிய கண்ணாடித் தகட்டை வைத்து மூடினால் தீரும். சாதாரணக் கண்ணாடி 365 ஐயும் 405 ஐயும் தாராளமாக விடும்.

மிஞ்சிய கரைசலைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். கண்ணாடிப் பாத்திரத்தில் முற்றத்து வெயிலில் வைத்து முழுதும் கட்டியாக்கிய பிறகு திண்மக் கழிவோடு அகற்றுங்கள். நம் வெயிலின் பயன் இந்த வேலையில் எனக்கு இங்கே மட்டும்தான் தெரிந்தது.

8. எவ்வளவு மாறியிருக்கிறது என்று காட்டுதல்

என்எம்ஆர் எனப்படும் கருக் காந்தப் பரிவு நிறமாலையில் 5.3, 5.7 பிபிஎம் அருகே புதிதாக இரண்டு உச்சிகள் எழும். 2.9 இல் இலைசினுக்குரியது தாழும். மதிப்பீட்டாளர் கேட்பது இதைத்தான். மாதிரியை வெளியூருக்கு அனுப்பி வரிசையில் காத்திருக்க வேண்டும் என்பதால், மாறாமல் மிஞ்சிய அமைன்களை அளக்கும் நின்ஹைட்ரின் சோதனையை ஒவ்வொரு தொகுதிக்கும் இங்கேயே 570 நனோமீற்றரில் செய்யுங்கள். சிறந்த இரண்டை மட்டும் என்எம்ஆருக்கு அனுப்பினால் செலவு அடங்கும்.

9. கலச் சோதனையும் ஒழுக்கநெறி அனுமதியும்

மனித இரத்தம், பிடுங்கிய பல், சத்திரசிகிச்சையில் அகற்றிய தோல் என்று எதைத் தொடுவதாக இருந்தாலும் மருத்துவ பீடத்தின் ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவின் அனுமதி முதலில் வேண்டும். எடுத்த பிறகு விண்ணப்பித்தால் அந்தத் தரவைத் தூக்கி எறிய வேண்டியதுதான். விண்ணப்பம், திருத்தம், மறு திருத்தம் என்று மூன்று மாதம் ஒதுக்குங்கள். இரசாயனம் சுங்கத்தில் கிடக்கும் காலமே இதற்கு ஏற்ற காலம். மனிதரில் பயன்படுத்தும் சாதனமாக ஆக்கும் எண்ணம் இருந்தால் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபை வரை போகவேண்டிவரும். ஆய்வேட்டு மட்டத்தில் அந்தக் கவலை வேண்டாம். ஆக்கவுரிமைக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் அதை மாநாட்டில் சுவரொட்டி ஒட்டுவதற்கு முன் செய்யுங்கள்.

கலங்களுக்கு, மருத்துவச் சாதனங்களின் கல நச்சுத்தன்மையைச் சோதிக்கும் சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 10993-5 ஐப் பின்பற்றுங்கள். உயிர்வாழும் கலங்கள் ஒப்பீட்டுக் குழுவின் 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பொருள் நஞ்சு என்று கொள்ளப்படும். சாதாரணப் பொருளுக்கு இல்லாத ஒரு சிக்கல் நமக்கு உண்டு. கலம் செத்தால் கொன்றது ஒளியா, தொடக்கியா, இரண்டும் சேர்ந்த மூலிகமா, கழுவப்படாத அமிலமா? ஆகவே ஒளி மட்டும், தொடக்கி மட்டும், இரண்டும் சேர்ந்து, இறுகிய ஜெல்லின் சாறு என்று நான்கு குழுக்களையும், எதுவும் சேராத ஒப்பீட்டையும் முதல் நாளிலேயே தட்டில் வரைந்துவிடுங்கள். நான் ஜெல்லை மட்டும் கொண்டுபோனேன். எல்லாம் செத்தது. காரணம் தெரியாமலே திரும்பி வந்தேன்.

எனக்குக் கல வளர்ப்பு வசதி கிடைத்தது கொழும்பில். போகுமுன் அங்கேயுள்ள விளக்கின் அலைநீளத்தைக் கேட்காதீர்கள், உங்கள் விளக்கையே தாங்கியோடு கழற்றிக் கொண்டுபோங்கள். உலர்ந்த ஜெல்மாவுக்கு ஐஸ் தேவையில்லை, அலுமினியத் தாளும் சிலிக்கா ஜெல்லும் போதும். கரைசலாகக் கொண்டுபோகவே கூடாது. இரவு பஸ்ஸில் ஏறும்போது நடத்துனர் பெட்டியைக் கீழே பொருள் அறையில் போடச் சொல்வார். என் ஜெல்மா முதல் பயணத்தில் அங்கே போய், காலையில் ஈரமான ஒரு கட்டியாகத்தான் இறங்கியது. இப்போது பெட்டி மடியில், விளக்கு காலடியில்.